குதிரையின் வயிறும் கிழங்குச் சக்கையும்

தல்லாகுளத்தில் வாழும் நமக்குக் குதிரை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சித்திரைத் திருவிழாவின் தங்கக் குதிரைதான். எதிர்சேவை முடிந்து, விடியற்காலையில் தங்கக் குதிரை வாகனத்தில் கள்ளழகர் வைகையை நோக்கிப் புறப்படும்போது, எந்தச் சமயத்தைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளையானாலும் மாடியிலோ மதிலிலோ ஏறி நின்று ஒரு முறையாவது பார்த்திருக்கும். ஊரைத் தாண்டி மேலூர்ப் பக்கம் போனால் அய்யனார் கோயில் வாசல்களில் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். குயவர் கைகளில் உருவாகிப் புரவி எடுப்பு விழாவில் தோள்களில் ஊர்வலமாக வந்து சேர்ந்தவை அவை.

தங்கக் குதிரைக்கும் தீனி வேண்டாம். மண் குதிரைக்கும் வேண்டாம். இரத்தமும் சதையுமான குதிரைக்கு மட்டும் நாளெல்லாம் தீனி வேண்டும். அந்தத் தீனி எது என்பதில் நம் பாண்டி நாடு ஒரு காலத்தில் கடல் கடந்து பேசப்படும் அளவுக்குத் தவறிவிட்டது. அதைப் பற்றியும், மேல்நாடுகளில் குதிரைக்குப் போடும் ஒரு விந்தையான தீவனத்தைப் பற்றியும், அதற்கு ஈடாக நம் வறண்ட சமவெளியில் என்ன உண்டு என்பதைப் பற்றியும் எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுத முற்படுகிறோம்.

மதுரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழமையானது. குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிட்டார் திருவாதவூரர் என்பதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து இரவில் மீண்டும் நரிகளாயின என்பதும் நாம் எல்லோரும் கேட்ட கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அது நடித்துக் காட்டப்படுகிறது. கதையை அதன் போக்கில் விட்டுவிடுவோம். அதன் பின்னணியில் ஓர் உண்மை இருக்கிறது. பாண்டிய அரசுக்குக் குதிரை என்பது கருவூலத்தையே கரைக்கும் செலவு. நல்ல போர்க்குதிரை இந்த மண்ணில் பிறந்து வளர்வது அரிது. கடல் வழியாகத்தான் வரவேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்தவர். இந்நாட்டு அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவன் உடன்பிறந்தோரும் அப்படியே வாங்குகின்றனர், ஆனால் ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்று அவர் எழுதி வைத்தார். சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகவும் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். பயணிகளின் எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்திராத இருவரும் ஒரே செய்தியைச் சொல்லும்போது அதைத் தள்ளிவிட முடியாது: இங்கே வந்த குதிரைகள் நெடுநாள் வாழவில்லை.

ஏன்? வெயில் ஒரு காரணம். குதிரை வைத்தியமும் இலாடம் கட்டுதலும் தெரிந்தவர்கள் போதவில்லை என்பது மற்றொன்று. வணிகர்களே அத்தகையோரை இங்கு வரவிடாமல் தடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். ஆனால் இருவருமே வியந்து குறிப்பிடுவது தீனியைத்தான். இறைச்சியைச் சோற்றோடு வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினார்கள் என்கிறார் ஒருவர். வறுத்த பார்லியும், வெண்ணெய் கலந்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்கிறார் மற்றவர். இதில் கஞ்சத்தனம் எங்கே இருக்கிறது? பொன் கொடுத்து வாங்கிய பிராணிக்கு, வீட்டுக்கு வந்த சம்பந்திக்குப் படைப்பதைப் போலப் படைத்திருக்கிறார்கள். அந்த உபசாரம் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் குதிரையின் வயிற்றுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். மாடும் குதிரையும் புல் தின்பவைதாம். ஆயினும் இரண்டின் உள்ளமைப்பும் வேறு. மாட்டுக்கு முன்பக்கத்திலேயே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய இரைப்பை உண்டு. அவசரமாக விழுங்கிவிட்டு நிழலில் படுத்து அசை போடலாம். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒரு பெரிய குடத்தளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய இரைப்பை! அதன் நொதிக்கும் தொட்டி பின்பக்கத்தில், குடல்வாலை ஒட்டிய பெருங்குடலில் இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, குதிரையால் செரிக்க முடியாத நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. குதிரை ஓடுவதற்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரர்கள் கொடுக்கும் வாடகைதான்.

சோறும் வறுத்த தானியமும் மாவுச்சத்து மிக்கவை. அளவோடு கொடுத்தால் சிறுகுடலிலேயே செரித்துவிடும். அளவு மீறினால் மிச்சம் பெருங்குடலுக்குள் பாய்கிறது. அங்கே புளிப்பு ஏறுகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிறு உப்பி வலி எடுக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் இயலாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் நமக்கு ஒரு நாள் உபாதையாக முடிவது அதற்கு உயிர் போகும் நோயாகிவிடுகிறது. வயிறு தப்பினாலும் சில வேளைகளில் குளம்புக்குள் அழற்சி கண்டு நிற்கவே முடியாமல் போகும். பாலைப் பொறுத்தவரை, வளர்ந்த குதிரைக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இராது, கழிச்சல்தான் காணும். பாண்டியனின் இலாயத்தில் குதிரைகள் மடிந்ததற்கு இவை மட்டுமே காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தீனியைத் தின்ற குதிரை நோயில்லாமல் வாழ்ந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படியானால் குதிரைக்கு எது தீனி? முதலில் புல், இரண்டாவதும் புல். மற்றவை அதன் பிறகே. மேய்ச்சலில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் தின்றுகொண்டே இருக்கும். அதைப் பேராசை என்று நினைத்துவிடக் கூடாது. அதன் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் இடைவிடாமல் சுரக்கிறது. அமிலத்தை ஆற்றும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்னக் குதிரை மூவாயிரம் முறைக்கு மேல் மெல்லுகிறது. ஒரு கிலோ தானியத்தை ஆயிரம் முறை மென்று பத்து நிமிடத்தில் முடித்துவிடும். தானியம் மட்டும் தின்ற குதிரையின் வயிறு மீதி நேரமெல்லாம் தன்னைத் தானே அரித்துக்கொண்டிருக்கும்.

கணக்குப் பார்த்தால், குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்ந்த தீனி நாள்தோறும் வேண்டும். நம் ஊர் மட்டக்குதிரை 300 கிலோ இருந்தால் 6 கிலோ. அதைப் பச்சைப் புல்லாகக் கொடுப்பதென்றால் இருபது, இருபத்தைந்து கிலோ ஆகும். ஏனெனில் பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீரே.

இந்தக் கணக்கை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள் நம் குதிரை வண்டிக்காரர்கள். மதுரை இரயில் நிலையத்திலிருந்து மூட்டை முடிச்சுகளோடு குதிரை வண்டியில் வீடு திரும்பியதைப் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கிறோம். வண்டிக்குள் புல்லைப் பரப்பி அதன்மேல் சாக்கோ பாயோ விரித்திருப்பார்கள். பயணிகளுக்கு அது மெத்தை. குதிரைக்கு அதுவே சாப்பாடு. சவாரி இல்லாத வேளையில் மெத்தையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடுவார்கள். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வேரோடு செதுக்கிய அறுகம்புல்லுக்கே மதிப்பு அதிகம். செதுக்கிய புல்லைத் தட்டி, அலசி, மண் போக்கித்தான் கொடுக்க வேண்டும். மண்ணோடு தின்றால் மணல் குடலில் தங்கி வலி கொடுக்கும். மாலையில் ஊறவைத்தோ வேகவைத்தோ கொள்ளு. பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் வேகவைப்பதே முறை. கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதும் குதிரையின் குணம் என்று பழமொழியே உண்டு. ஆனால் கொள்ளு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கைப்பிடிதான். புல்லோ நாள் முழுவதும். அந்த அளவை மறந்து கொள்ளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது எங்கள் எண்ணம்.

சரி, புல் கிடைக்காத காலத்தில் என்ன செய்வது? மதுரைச் சமவெளியில் மாசி முடிந்தால் வரப்பு வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டென்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. பனி மூடும் நாடுகளிலும், மழையில் உலர்புல் அழுகிப்போகும் ஆண்டுகளிலும், பல் தேய்ந்த கிழக்குதிரையை வைத்திருப்போர் வீடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே அவர்கள் கண்ட விடைகளில் ஒன்றுதான் நாம் தலைப்பில் குறிப்பிட்ட கிழங்குச் சக்கை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்ந்த பகுதிகளில் கரும்பு விளையாது. அங்கே சர்க்கரை ஒரு கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து நம் வீட்டுக்கு வரும் சிவப்பு பீட்ரூட்டின் உடன்பிறப்பு அது. நிறம் மட்டும் வெள்ளை. 1747இல் பெர்லின் நகரத்து வேதியியல் அறிஞர் மார்கிராஃப், இந்தக் கிழங்கில் இருப்பது கரும்பில் உள்ள அதே சர்க்கரைதான் என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆஷார்ட் அதைத் தொழிலாக்கினார். 1802இல் சைலீசியாவில் அவரது ஆலை இயங்கியது. ஆங்கிலேயருடன் நடந்த போரினால் கரும்புச் சர்க்கரை வரத்து நின்றுபோகவே, நெப்போலியன் 1811இல் இக்கிழங்கைப் பெருமளவில் பயிரிட ஆணையிட்டார். இன்று உலகின் சர்க்கரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கிழங்கிலிருந்து வருகிறது. வெப்ப நாடுகளுக்கு ஏற்ற சர்க்கரைக் கிழங்கைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்தில் பயிரிட்டுப் பார்த்ததுண்டு. எனினும் நம் ஆலைகள் கரும்பு ஆலைகளாகவே இருக்கின்றன.

ஆலையில் கிழங்கைக் கழுவி, மெல்லிய கீற்றுகளாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் வெளிறிய கீற்றுகளைப் பிழிந்து உலர்த்தினால் கிடைப்பதே சக்கை. தூளாகவும் கீற்றாகவும் அழுத்திய குச்சிகளாகவும் மூட்டையில் விற்பனைக்கு வருகிறது. சர்க்கரையெல்லாம் போய்விட்டதே, இதில் என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றும். மிஞ்சியிருப்பது நார். அதிலும் பெக்டின் என்னும் குழைவான நார் மிகுதி. நம் வீட்டில் கொய்யாப்பழ ஜாம் இறுகுவது எதனால்? அந்தப் பெக்டினால்தான். குதிரையின் பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இது விருந்து. மாவுச்சத்து மிகக் குறைவு. ஆகவே புளிப்பேறும் அபாயம் குறைவு. அப்படியிருந்தும் உலர்புல்லைவிட அதிகச் சக்தி தருகிறது, ஓட்ஸ் தானியத்துக்குச் சற்றே குறைவாக.

இதைக் கொடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். ஒரு பங்கு சக்கைக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். கீற்றாக இருந்தால் இரண்டு மணி நேரம் போதும். அழுத்திய குச்சியாக இருந்தால் இரவு முழுவதும். ஊறியபின் பல மடங்கு பெருகி நிற்கும். ஊறாமல் கொடுத்தால் வயிற்றுக்குள் ஊதி இரைப்பை வெடித்துவிடும் என்று மேல்நாட்டில் ஒரு பயம் நெடுங்காலமாக உலவியது. அது வீண் பயம். ஆனால் காய்ந்த சக்கையை ஆவலாக விழுங்கும் குதிரைக்கு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அந்த அபாயம் மெய்யானது. மற்றொரு செய்தி மதுரைவாசிகளுக்கென்றே சொல்ல வேண்டியது. குளிர்நாட்டில் ஒரு நாள் வைத்திருக்கக்கூடிய ஊறிய சக்கை, நம் வெயிலில் அரை நாளிலேயே புளித்துவிடும். நம் இட்லி மாவே சாட்சி.

முழுத் தீனிக்கும் இதையே நம்பிவிடவும் முடியாது. பச்சைப் புல்லில் உள்ள வைட்டமின்கள் இதில் இல்லை. நாள் முழுவதும் மெல்லும் வேலையையும் இது தராது. புல்லிலோ வைக்கோலிலோ ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் கால் பங்கு அளவுக்குச் சேர்ப்பதே வழக்கம். இதில் கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. தவிடோ இதற்கு நேர் எதிர். அதனால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்யும். தவிட்டை மட்டும் மிகுதியாகத் தின்ற குதிரைகளுக்கு எலும்பு மெலிந்து முகம் வீங்கும் நோய் வருவதுண்டு. மாவு ஆலைக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு வளர்த்ததால் மேல்நாட்டில் அதற்கு ஆலைக்காரர் நோய் என்றே பெயர். தவிடு விலை குறைவு என்று அள்ளிப்போடும் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பெயர் இது.

இங்கே வாசகர் ஒருவர் நியாயமாகவே கேட்பார்: கிழங்குச் சக்கை இவ்வளவு நல்லதென்றால், நம்மிடம் மலைபோல் குவியும் கரும்புச் சக்கையைக் கொடுத்தாலென்ன? அலங்காநல்லூர்க் கூட்டுறவு ஆலையில் கரும்பு அரைத்த காலத்தில் அந்தச் சக்கை மலையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் இரண்டும் சர்க்கரை ஆலையின் மிச்சம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. கிழங்கு மண்ணுக்குள் படுத்திருக்கும் வேர். அதற்கு நிமிர்ந்து நிற்கும் தேவையில்லை. கரும்போ ஆளுயரத்துக்கு மேல் நின்று காற்றைத் தாங்க வேண்டும். அதற்காக லிக்னின் என்னும் மரத்தன்மை வாய்ந்த பொருளால் தன் நாரை இறுக்கிக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கக் குதிரையின் நுண்ணுயிர்களால் முடியாது. எனவே கரும்புச் சக்கை கொதிகலனுக்கும் காகித ஆலைக்கும் ஏற்றது. குதிரைக்கு வயிற்றை அடைக்கும் குப்பை. நெல் வைக்கோலும் ஏறக்குறைய இந்த வகைதான். அதில் மணற்சத்து வேறு சேர்ந்திருக்கிறது. ஒப்புக்குக் கொஞ்சம் மெல்லலாம். அதையே நம்பினால் குதிரை இளைத்துப்போகும், குடலும் கட்டிக்கொள்ளும்.

நம் சமவெளிக்கான விடை தீவனப் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் லூசர்ன் என்றும் அல்ஃபால்ஃபா என்றும் அழைக்கப்படும் பயறுவகைத் தீவனத்துக்குத் தமிழில் குதிரைமசால் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! (குதிரைவாலி அப்படியன்று. அது கதிரின் தோற்றத்தால் பெயர் பெற்ற நம் சிறுதானியம். அதை நாமே உண்ணலாம்.) கிணற்றுப் பாசனம் இருந்தால் ஒரு முறை விதைத்த குதிரைமசாலைச் சில ஆண்டுகள் மாறி மாறி அறுக்கலாம். ஆழமாக வேர்விடுவதால் கோடையையும் ஓரளவு தாங்கும். புரதமும் கால்சியமும் மிக்கது. உலர்த்தி வைத்தால் புல் இல்லாத மாதங்களுக்கு உதவும். அடுத்தது கடலைக்கொடி. நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் நம் சுற்றுவட்டாரத்தில் தாராளமாகக் கிடைப்பது. பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்தி, மண்ணை நன்றாக உதறிக் கொடுத்தால் நல்ல தீனி. ஆனால் மாட்டுக்கு ஆகும் எல்லாம் குதிரைக்கு ஆகாது. பசுஞ்சோளப் பயிரில் நச்சு உண்டு என்பது மாடு வளர்ப்போருக்கும் தெரியும். குதிரை அதைத் தொடர்ந்து மேய்ந்தால் பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர்ப்பையும் கெட்டுவிடும்.

குதிரை வண்டிகள் நம் தெருக்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. இன்று நம் பிள்ளைகள் குதிரையை நெருங்கிப் பார்ப்பது கோடைக்கானல் ஏரிக்கரையிலும், சென்னை மெரினா கடற்கரையிலும், கல்யாண ஊர்வலங்களிலும்தான். சவாரி செய்து இறங்கியதும் பிரியத்தோடு கையில் இருப்பதை நீட்டுவது நம் வழக்கம். பிஸ்கட், ரொட்டித் துண்டு, வெல்லம், சில வேளை டிபன் டப்பாவில் மிஞ்சிய புளிச்சோறு. ஒரு பிள்ளை கொடுக்கும் ஒரு பிஸ்கட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் விடுமுறை நாளொன்றில் அந்தக் குதிரையின் முன் எத்தனை பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்து மணி நேரம் புல் இன்றிச் சவாரி சென்ற வயிற்றில் இவ்வளவு மாவும் சர்க்கரையும் இறங்கினால், பாண்டியனின் இலாயத்தில் நடந்தது சிறிய அளவில் ஏரிக்கரையிலும் நடக்கும்.

கொடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் குதிரைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாம். அவர் சம்மதித்தால் ஒரு புல்லுக்கட்டுக்கான காசை அவரிடம் கொடுத்துவிடுவது மேல். கேரட் கொடுப்பதானால் வட்டமாக நறுக்காமல் விரல்போல் நீளவாக்கில் நறுக்க வேண்டும். வட்டத்துண்டு தொண்டையில் சிக்கும். பீட்ரூட்டும் இரண்டொரு துண்டு தரலாம். மறுநாள் குதிரையின் சிறுநீர் சிவந்திருந்தால் குதிரைக்காரர் அஞ்சாதபடி முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலை ஒட்டி மடக்காமல் தட்டையாக நீட்டினால் குதிரை உதட்டாலேயே மெதுவாக எடுத்துக்கொள்ளும்.